சம்மந்தியின் அரைக் குளிசை

பெயர்ப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். மருந்தியலில் நீங்கள் படித்ததில் பாதி எனக்கு மறந்துவிட்டது, மீதி நான் படித்த காலத்தில் இல்லை. ஆகவே அதைப் பற்றிக் கேட்டு என்னை வெட்கப்படுத்தாதீர்கள். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரே மருந்தகத்தில் தலை நரைக்கும்வரை நின்றுவிட்டு ஓய்வுபெற்றவள் நான். மருந்து இல்லாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவதில்லை.

முதலில் நமது சந்தையின் அழகைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மருந்தை ஐந்து கம்பனிகள் ஐந்து பெயரில் விற்கின்றன. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளுக்கு ஒருமுறை விலை மாறும். அந்த இரண்டு கிழமையும் யார் மலிவோ அவருடைய பெட்டியைத்தான் நாம் நீட்ட வேண்டும். போன மாதம் நீலப் பெட்டி வாங்கிய கிழவருக்கு இந்த மாதம் பச்சைப் பெட்டி. "உள்ளே இருப்பது அதேதான்" என்ற வசனத்தை என் பெயரைவிட அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். விலை குறைந்தது, எல்லாரும் மகிழ்ந்தோம். இன்னும் குறைந்தது, இன்னும் மகிழ்ந்தோம். கம்பனிக்காரர் யோசித்தார்கள்: சின்ன நாடு, இந்த விலைக்கு அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதைவிடப் பெரிய நாட்டுக்கு அனுப்பலாமே. அனுப்பினார்கள். அதன்பிறகு எங்களிடம் மிக மலிவான விலை இருந்தது, பெட்டிதான் இல்லை.

கூட்டு அன்டிபயோட்டிக் குளிசையில் இந்த அழகு இரட்டிப்பாகும். குளிசை என்றால் மாத்திரை, உங்களில் சிலருக்கு டெனிஷில் "பில்லே" என்றால்தான் விளங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு குளிசைக்குள் இரண்டு ஆட்கள். ஒருவன் கிருமியை அடிக்கிறவன். மற்றவன், கிருமி அடிக்கிறவனை உடைத்துவிடாமல் காவல் நிற்கிறவன். இந்தக் காவல்காரனுக்கு ஈரம் பட்டால் ஆகாது, செய்வதும் சிரமம், செய்கிற தொழிற்சாலைகளும் கொஞ்சம். ஐந்து பெட்டிக்கும் குளிசை வருவது ஒரே இடத்திலிருந்து என்றால், அங்கே ஓர் இயந்திரம் நின்றவுடன் நமது திரையில் ஐந்து பெயரும் ஒன்றாகச் சிவக்கும். அதற்கு டெனிஷில் ரெஸ்ட்ஓர்ட்ரே என்று சொல்லுவோம். கேட்டிருக்கிறோம், வரும் என்று அர்த்தம். எப்போது வரும் என்பது அந்தச் சொல்லில் கிடையாது. மருந்துக்கு எத்தனையோ முறை தட்டுப்பாடு வந்தது, மருந்து இல்லை என்ற அறிவித்தலுக்கு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

அப்படி ஐந்தும் சிவந்து கிடந்த ஒரு வாரத்தில்தான் பிலோமினாக்காவைப் பூனை கடித்தது.

பிலோமினாக்கா மன்னார்க்காரி. வீடு வீடாகப் போய் வயோதிபரைப் பராமரிக்கிற வேலை. தூக்கி இருத்துவா, குளிக்க வார்ப்பா, காலுறை போட்டுவிடுவா. அந்த வேலையில் அவவுக்கு மெத்தப் பெருமை. "என்ரை கிழவர் என்னைத் தவிர வேறை ஆரையும் தொட விடார்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவா. அந்தக் கிழவரின் பூனைக்கு அந்தப் பெருமை பிடிக்கவில்லைப் போலிருக்கிறது. ஒரு வியாழக்கிழமை காலையில் அவவின் வலது கையில், நடுவிரலடியில் பல்லை இறக்கிவிட்டது. அக்கா குழாய்த் தண்ணீரில் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, மிச்ச வீடுகளையும் முடித்துக்கொண்டு வந்தா. சனிக்கிழமை மகள் ஷெரினுக்குக் கலியாணம். பூனை கடித்ததற்கு லீவு எடுத்தால் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறா.

வெள்ளி காலை கை வீங்கிவிட்டது. குடும்ப மருத்துவர் பார்த்து, அந்தக் கூட்டு அன்டிபயோட்டிக்கை எழுதி, கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சொல்லியிருக்கிறார். பூனைக் கடிக்கு அதுதான் மருந்து. அக்கா நேரே எங்கள் மருந்தகத்துக்கு வந்தா. அன்றைக்கு எனக்கு விடுமுறை, நான் கலியாணத்துக்கு இஸ்திரிப்பெட்டியால் சேலை மினுக்கிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் நின்றது என்னோடு வேலை செய்த டெனிஷ் பெண். நல்ல பிள்ளை, குரலே உயராது. திரையைப் பார்த்தாள், ஐந்தும் சிவப்பு. மன்னிக்கவேண்டும், திங்கட்கிழமை வரக்கூடும், வந்தவுடன் உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வரும், நல்ல வார இறுதியாக அமையட்டும் என்று சொல்லி அனுப்பினாள். அக்காவும் நன்றி சொல்லிவிட்டுப் போனா. இந்த நாட்டில் எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும்.

சனிக்கிழமை தேவாலயத்தில் திருமணம் முடிந்து, மாலையில் விருந்து. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்து வளையத்துக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வாசலில் பிலோமினாக்கா தட்டோடு நின்றா. பன்னீர், சந்தனம், கற்கண்டு. எனக்குக் கற்கண்டை எடுத்து நீட்டினா. இடது கையால்.

சம்மந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க இடது கையால் கற்கண்டு கொடுக்கிற தமிழ்த் தாய்க்கு, ஒன்றில் புத்தி பேதலித்திருக்க வேண்டும் அல்லது வலது கை இல்லாமல் போயிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள், டென்மார்க்கிலை இருந்து இருந்து பழக்கவழக்கம் மறந்து போச்சு என்று குசுகுசுத்தார்கள். அவவின் வலது கை சேலைத் தலைப்புக்குள் சுற்றிக் கிடந்தது.

"கைக்கு என்னக்கா?"

"ஒண்டுமில்லை. பூனை கொஞ்சம் கடிச்சுப் போட்டுது. குளிசை போட்டிருக்கிறன்."

"எந்தக் குளிசை? பூனைக் கடிக்குப் போடுறது இந்தக் கிழமை எங்கடை கடையிலை இல்லையே."

"உங்கடை கடையிலை இல்லாட்டி என்ன. என்ரை ஆக்கள் கொண்டு வந்திருக்கினம்."

பெருமையாகத்தான் சொன்னா. கலியாணத்துக்கென்று ஐரோப்பா முழுவதிலுமிருந்து உறவு வந்து இறங்கியிருந்தது. எங்கள் சனம் பயணம் வெளிக்கிட்டால் பெட்டிக்குள் முதலில் சேலை, பிறகு பலகாரம், பிறகு போன காய்ச்சல் வருத்தத்தில் மிஞ்சிய குளிசை. வெள்ளி இரவு அக்காவின் கை வீங்கிக் கிடந்ததைக் கண்டவுடன் எல்லாருடைய பைகளும் திறந்துவிட்டன. லண்டன் தம்பி தந்தார், பாரிஸ் தங்கச்சி தந்தா, ஜெர்மனியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய், அதாவது சம்மந்தியம்மா, தானும் தந்தா. எங்கள் மருந்தகத்தில் ஒன்றுகூட இல்லாத மருந்து அக்காவின் சாப்பாட்டு மேசையில் மூன்று நாட்டிலிருந்து வந்து குவிந்திருந்தது. ஐரோப்பாவின் மருந்து விநியோகத்தைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்வதென்றால் ஒரு தமிழ்க் கலியாண வீட்டிலிருந்து தொடங்கலாம்.

அக்காவைப் பின்பக்கத்தில், விளையாட்டுப் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நீள மர வாங்கில் இருத்தினேன். என்னென்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ராத்திரித் தம்பியின்ரை ஒண்டு. அவன் முன்னாலை நிண்டான். காலமை தங்கச்சியின்ரை ஒண்டு. சேலை உடுத்திவிடேக்கை கேட்டவள், போட்டனீங்களோ எண்டு. இஞ்சை வந்தாப் பிறகு சம்மந்தியம்மாவின்ரை அரை."

"ஏன் அரை?"

"அது பெரிசு, விழுங்கேலாமக் கிடக்கு. மற்ற அரை கைப்பைக்குள்ளை வைச்சிருக்கிறன். அவ கேட்டா உடனை போடலாமெல்லே."

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் விளங்கிக்கொண்டு சிரியுங்கள். டொக்டர் எழுதுவது எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பிலோமினாக்கா போட்டது தந்தவர் பார்க்கிறபோது ஒருமுறை. தம்பியினதைப் போட்டுத் தங்கச்சியினதை விட்டால் தங்கச்சி பத்து வருஷத்துக்குக் கதைக்க மாட்டா. சம்மந்தியினதை விட்டால் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டுமே. மூன்று பேரையும் மதித்து, மூன்றையும் ஒவ்வொன்றாக விழுங்கியிருந்தா.

இதற்குள் விஷயம் மண்டபத்துக்குப் பரவி, மருந்து தந்த மூன்று பேரும் அறைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் சனத்துக்கு மருந்தகத்தில் வேலை செய்தாலும் டொக்டர்தான்.

"டொக்டர்பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ, எது திறம்?" என்றார் லண்டன் தம்பி. "லண்டன் மருந்தெண்டா மருந்துதான்."

"எங்களுக்குப் பெட்டியோடை தந்தவங்கள், நீ டப்பாக்குள்ளை போட்டெல்லோ கொண்டு வந்தனி," என்றா பாரிஸ் தங்கச்சி.

"ஜெர்மன்காரன் செய்தது ஒருநாளும் பிழைக்காது," என்றா சம்மந்தியம்மா, யாருக்கும் சொல்லாத மாதிரி.

மூன்றையும் வாங்கிப் பார்த்தேன். லண்டன் குளிசையில் அடிக்கிறவன் பாதி, காவல்காரன் முழுசு. பாரிஸ் குளிசையில் அடிக்கிறவன் முழுசு, காவல்காரன் பாதி. ஜெர்மன் குளிசையில் அடிக்கிறவன் கூட, காவல்காரன் லண்டனில் இருந்த அளவுதான். ஒன்றின் இடத்துக்கு மற்றது வராது, இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுசும் ஆகாது. லண்டன் தம்பி பயணப் பையில் இடம் மிச்சம் பிடிக்கக் குளிசைகளைத் தகட்டிலிருந்து உரித்து, பெருஞ்சீரகம் இருந்த டப்பாவில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஈரம் ஏறி அவற்றில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. பாரிஸ் பெட்டியையும் ஜெர்மன் பெட்டியையும் திருப்பிப் பார்த்தால், இரண்டிலும் செய்த இடம் ஒன்றுதான்.

இதையெல்லாம் விளக்க எனக்கு நாக்குத் துடித்தது. முன்னால் மூன்று நாட்டுப் பிரதிநிதிகள், கையில் ஆதாரம், அப்படியொரு சபை எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் அந்த ஆசை வரும். படித்தவர்களுக்கு வருகிற வியாதி அது. நோயாளியை விட்டுவிட்டுப் பெட்டியோடு வாதாடத் தொடங்கிவிடுவோம்.

நான் பெட்டிகளை வாங்கில் வைத்துவிட்டு, அக்காவின் சேலைத் தலைப்பை விலக்கினேன்.

நடுவிரல் மடிந்தபடியே நின்றது. நிமிர்த்தச் சொன்னேன், முடியவில்லை. நான் மெல்லத் தொட்டு நிமிர்த்தப் பார்த்தபோது அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் மையோடு சேர்ந்து வழிந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. காப்புகளுக்கு மேலால் ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது, அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. இது குளிசை விஷயமே இல்லை, வெட்டித் திறந்து கழுவ வேண்டிய கை.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"கேக் வெட்டிப் போட்டுப் போவம்," என்றா அக்கா.

"படம் எடுத்து முடியட்டுமே," என்றார் தம்பி.

"மற்ற அரையையும் போட்டுப் பாப்பம்," என்றா சம்மந்தியம்மா.

வீடியோக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பொம்பிளையின்ரை அம்மா உடனை மேடைக்கு வரவேணும், வெளிச்சம் சரியாக் கிடக்கு" என்றார். எங்கள் கலியாணங்களில் பாதிரியார் சொல்வதற்கு மேலே ஒரு பேச்சு உண்டென்றால் அது வீடியோக்காரர் சொல்வதுதான். அக்கா உடனே எழும்பிவிட்டா.

நான்கு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காப்புகளுக்கு மேலால் ஏறுகிற கோட்டை விளக்கி அவர்களோடு வாதாட நேரமில்லை என்று எனக்குத் தெரிந்தது. இந்த மண்டபத்தில் இன்றைக்கு யாருடைய சொல்லுக்கு எல்லாரும் அடங்குவார்கள் என்று மட்டும் யோசித்தேன். வெளியே போய் மேடையில் ஏறி, மணப்பெண்ணின் காதில், உன் அம்மாவின் வலது கை போகப் போகிறது, வந்து பார் என்றேன். ஷெரின் ஒடென்சேயில் பிறந்தவள், தாயோடு டெனிஷில்தான் கதைப்பாள். நீளமான வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். கையைப் பார்த்தாள். "மோர். நூ," என்றாள். அம்மா, இப்போது. அவ்வளவுதான். வீடியோக்காரரே கதவைப் பிடித்து வழிவிட்டார்.

வாசலில் தயாராக நின்றது பூச்சோடித்த மணமக்கள் கார்தான். அதிலேயே போனோம். சம்மந்தியம்மாவும் ஏறிக்கொண்டா. தான் தந்த குளிசையால்தான் ஏதும் ஆகிவிட்டதோ என்று வழி முழுக்க ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தா, பாவம்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர். காப்புகளையும் மோதிரத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். மருந்து எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எடுக்கப்படவில்லை என்று இருக்கிறதே, இவர் ஒன்றும் போடவில்லையா என்று கேட்டார். நான் மூன்று நாட்டுக் கதையையும் சொன்னேன். அவர் கை வேலையை நிறுத்திவிட்டு, ஏன் மூன்றையும் கலந்தார் என்றார். அக்காவிடம் தமிழில் கேட்டேன்.

"எல்லாரும் எவ்வளவு தூரத்திலையிருந்து கொண்டு வந்தவை," என்றா அக்கா. "ஒருத்தரின்ரையைப் போட்டு ஒருத்தரின்ரையை விடேலுமே?"

அதை டெனிஷில் சொன்னேன். மருத்துவர் தலையை ஆட்டினார். விளங்கியதா என்று தெரியாது. அன்று மாலையே கையைத் திறந்து கழுவினார்கள். கேக் வெட்டும்போது தாய் இல்லை. படங்களில் அவவின் இடத்தில் பாரிஸ் தங்கச்சி நிற்கிறா.

கை தப்பியது. நடுவிரல் விறைத்துவிட்டது, இனி மடியாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பிடி திரும்பவில்லை, ஆட்களைத் தூக்குகிற வேலைக்கு அக்கா திரும்பிப் போகவுமில்லை. நகராட்சியில் வேறு வேலை கொடுத்தார்கள், இருந்த இடத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. அவவுடைய கிழவரை இப்போது வேறு யாரோ குளிக்க வார்க்கிறார்கள். அதைக் கதைக்கத் தொடங்கினால் அக்கா எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவா.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். உங்கள் மருந்து தாமதமாகிறது, மன்னிக்கவும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்காவுக்குத் தானாகவே செய்தி போயிருந்தது. நமது திரையில் நமது கடையின் இருப்பும் மொத்த வியாபாரியின் இருப்பும் தெரியும். மற்ற மருந்தகங்களில் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும், அல்லது தொலைபேசியை எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். ட்ராமில் நாலு தரிப்பிடம் தள்ளி உள்ள மருந்தகத்தில் இரண்டு பெட்டி இருந்தது. முதன்முதல் அந்த மருந்தைக் கொண்டுவந்த கம்பனியின் விலை கூடிய பெட்டி. விலை கூட என்றபடியால் எப்போதும் கடைசியாகத்தான் விற்கும், அதனால் மிஞ்சியிருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்ததா என்று கேட்டேன். அதற்கு முந்தின வாரத்திலிருந்தே இருக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை என்றார்கள்.

கவுண்டரில் நின்ற அந்தப் பிள்ளை சட்டப்படி ஒரு பிழையும் செய்யவில்லை. அதைக் கூட்டம் வைத்து உறுதிப்படுத்தினோம். டென்மார்க்கில் கூட்டம் என்றால் கேக் இருக்கும், இருந்தது. தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஐந்து பெயரும் மெல்ல மெல்லப் பச்சையாகின, அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் சிவந்தன. உங்கள் காலத்திலும் சிவக்கும், சந்தையை நீங்கள் திருத்தப் போவதில்லை. திரை சிவந்தால் தொலைபேசியை எடுங்கள். மருந்தகங்களுக்கு எடுங்கள், எழுதிய மருத்துவருக்கு எடுங்கள், வேறு மருந்து எழுதச் சொல்லுங்கள், கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை வா என்பது பூனைக் கடிக்கு மருந்து இல்லை.

அந்த இரண்டு பெட்டியைப் பற்றி அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மேலிடத்தில் நயமாகச் சொன்னார்கள். சொல்லி என்ன ஆகப் போகிறது, மனம்தான் நோகும் என்றார்கள். எனக்கும் பல கிழமைகள் அது சரி போலத்தான் பட்டது. ஆனால் அவவின் கை அது. அவவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடிக்க முதலே சொல்லிவிட்டேன்.

அக்கா கோபிக்கவில்லை. யன்னலால் ட்ராம் பாதையை எட்டிப் பார்த்தா.

"எத்தினை தரிப்பெண்டு சொன்னனி?"

"நாலு, அக்கா."

"நாலோ? நான் நடந்தே போயிருப்பனே."